ஆட்டைக்குள்ள அடுப்பு மாத்தலாமோ?

வாரும் பிள்ளை, வாரும். சப்பாத்தை அதிலயே கழட்டி வையும், ஸ்னோவை உள்ளுக்குக் கொண்டு வராதேயும், புதுக் காப்பெற். படியில பாத்து இறங்கும், தலை இடிக்கும். நீர் இவ்வளவு உயரம் எண்டு போனில சொல்லேல்லையே. இந்தா, இதுதான் அறை. அங்கால சமைக்கிற குசினி, அதுக்குப் பக்கத்தில குளிக்கிற இடம். ஜன்னல் சின்னன்தான். பேஸ்மென்ற் எண்டால் அப்பிடித்தான் இருக்கும், வெளியில நிக்கிற ஆக்களின்ர சப்பாத்து மட்டும்தான் தெரியும். அந்தக் கதிரையில இரும். தேத்தண்ணி ஆறமுதல் குடியும்.

சூடு எப்பிடி? ஜக்கெற்றைக் கழட்டும், கழட்டும். புது ஃபர்னஸ் பிள்ளை. நீர் இஞ்ச வந்து எவ்வளவு காலம்? ஆறு மாசமோ. அப்ப உமக்கு உந்த விபரமெல்லாம் தெரியாது. அந்தக் கதவுக்குப் பின்னால ஒரு பெட்டி உறுமுது, கேக்குதே? அதுதான் ஃபர்னஸ். காஸில எரிஞ்சு வீடு முழுக்கச் சூட்டுக் காத்து அனுப்பும். இந்த நாட்டில சோறில்லாமல் ரெண்டு நாள் இருந்தாலும் இருக்கலாம், அது இல்லாமல் ஒரு நாள் இருக்கேலாது. சாகிற குளிர்.

ஆர் உமக்கு இந்த வீட்டைச் சொன்னது? கோயில்லையோ? அங்க வேற என்னவும் கதைச்சவையோ? இல்லை, நீர் மழுப்பிறீர். கதைச்சிருப்பினம். எனக்குத் தெரியும் எந்தெந்த வாய் என்னென்ன கதைக்கும் எண்டு. அதுதான் நானே சொல்லிப்போடுறன். கண்டவையும் சொல்லிக் கேக்கிறதை விட என்ர வாயால கேளும். நான் ஒண்டையும் மறைக்கிற ஆள் இல்லை.

உமக்கு முதல் இதில இருந்தவள் வதனி. விசுவமடுப் பக்கம். முப்பத்தி நாலு வயசு, பாத்தால் நாப்பத்தஞ்சு சொல்லலாம். மனிசனை ஒரு நாள் வீட்டு வாசல்ல வைச்சு ஆரோ வானில ஏத்திக்கொண்டு போனவையாம், பிறகு ஆளைப் பற்றி ஒரு சிலமனும் இல்லை. ஒரு பெட்டைக் குஞ்சு, ஏழு வயசு, துளசிகா எண்டு பேர். அதை அங்க தமக்கையிட்ட விட்டிட்டு, இவள் இஞ்ச வந்து அகதிக் கேஸ் போட்டவள். கேஸ் சரிவந்தால் பிள்ளையைக் கூப்பிடலாம். அவளுக்கு உலகத்தில வேற கதை இல்லை. கேஸ், பிள்ளை. பிள்ளை, கேஸ். அந்தச் சுவரில பிள்ளையின்ர படத்தை ரேப் போட்டு ஒட்டி வைச்சிருந்தவள், பெயின்ற் கழண்டு போச்சு. நான் அதுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. எனக்கும் பிள்ளை இருக்குத்தானே, தாய் மனசு தெரியாதோ?

நல்ல பிள்ளைதான், சும்மா சொல்லக்கூடாது. பேக்கரியில வேலை. விடிய வெளிக்கிட்டால் நாலு மணிக்கு வருவாள். சத்தம் சந்தடி இல்லை. ஒரே ஒரு அரியண்டம், கருவாடு பொரிப்பாள். மணம் மேல வந்து என்ர சாமியறை வரைக்கும் நிக்கும். "ஜன்னலைத் திறந்து வைச்சுப் பொரி பிள்ளை" எண்டு சொல்லுவன். திறந்துதான் பொரிச்சவள். சொல்வழி கேக்கிற பிள்ளை.

போன வருசம் கார்த்திகையில பழைய ஃபர்னஸ் நிண்டு போச்சு. அது நாங்கள் வீடு வாங்கேக்கையே கிடந்த கிழட்டுச் சாமான். யூட் எண்டு ஒருத்தன், பாசையூர்ப் பக்கத்து ஆள், உந்த வேலையள் செய்யிறவன், அவனைக் கூப்பிட்டம். வந்தான், கழட்டினான், லைற்றை அடிச்சு அடிச்சுப் பாத்தான். பிறகு மேல வந்து சொல்லுறான், "அன்ரி, திருத்தச் சொன்னால் திருத்துவன். ஆனால் பெருங்குளிர் வரேக்க இது தாங்காது. மாத்திறதுதான் புத்தி. கீழ ஆளும் இருக்கு" எண்டு. கீழ ஆள் இருக்கு எண்டு எனக்குப் படிப்பிக்கிறார். ஆளை வைச்சது நான்தானே!

இவர், என்ர மனிசன், உடன மாத்துவம் எண்டிட்டார். இவருக்கு ஆரும் சொன்னால் சரி. வேட்டியைக் கழட்டித் தா எண்டாலும் குடுத்துப்போட்டு வருவார். நான்தான் மறிச்சன். ஏன் மறிச்சன் எண்டு கேளும்.

மாமி செத்து அப்பத்தான் ஏழு மாசம். இவரின்ர அம்மா. இதே அறையிலதான் இருந்தவ, பாவம், எந்த நேரமும் குளிருது குளிருது எண்டபடி. வயசு போனால் எல்லாருக்கும் குளிரும்தானே. சித்திரையில அவவின்ர ஆட்டை வருது. உமக்கு ஆட்டை தெரியும்தானே, செத்து ஒரு வருசம் முடியேக்க செய்யிற திவசம். அது முடியுமட்டும் வீட்டில நல்லது ஒண்டும் தொடங்கக்கூடாது. கலியாணம் கூடாது, புது வீடு குடிபூரல் கூடாது. அப்ப, ஒரு வீட்டில புது அடுப்பு மூட்டலாமோ? சொல்லும் பாப்பம்.

ஓம், அடுப்புத்தான். என்ன சிரிக்கிறீர்? நெருப்பு எரியிறது எதில? அடுப்பில. ஃபர்னஸுக்குள்ள எரியிறது நெருப்பில்லாமல் தண்ணியே? என்ர மகளும் உப்பிடித்தான் சிரிச்சவள். நான் ஒருத்தரின்ர சிரிப்புக்கும் பயப்பிடிற ஆள் இல்லை. நேர கோயில் ஐயருக்குப் போன் எடுத்தன். "ஐயா, வீட்டில அடுப்புப் பழுதாப்போச்சு, ஆட்டைக்குள்ள அடுப்பு மாத்தலாமோ?" எண்டு கேட்டன். ஐயர் பொறுமையாக் கேட்டார், "பழசு கொஞ்சமெண்டாலும் எரியுதோ அம்மா?" எண்டு. "எரியுது ஐயா, விட்டு விட்டு எரியுது" எண்டன். "அப்ப என்ன அவதி? பழசைத் திருத்தி வைச்சுச் சமாளியுங்கோ. ஆட்டை முடியட்டும்" எண்டார். முடிஞ்சுது கதை.

மகள் சொல்லுறாள், "அம்மா, அவர் சமையல் அடுப்பு எண்டு நினைச்சிருப்பார்" எண்டு. நினைக்கட்டன்! நான் பொய் சொன்னனானோ? ஐயரிட்டைப் போய் ஃபர்னஸ் கிர்னஸ் எண்டு இங்கிலீசு கதைக்கேலுமோ? அவர் வாயால வந்தது வந்ததுதான்.

அந்த ஐப்பசியிலதான் நாங்கள் புதுக் கார் எடுத்தது. அதையும் கோயில்ல சொல்லியிருப்பினமே, ஆட்டைக்குள்ள கார் எடுக்கலாமாம், ஃபர்னஸ் மாத்தக்கூடாதாம் எண்டு. வயித்தெரிச்சல் பிடிச்சதுகள். கார் வாகனம். வாகனத்துக்கும் ஆட்டைக்கும் என்ன சம்பந்தம்? அதைப் பற்றி நான் ஐயரிட்டைக் கேக்கவும் இல்லை. கேட்டு, அவர் கூடாது எண்டு சொல்லி, பிறகு எடுத்தால்தான் பிழை.

சரி. திருத்தினம். மார்கழி நத்தார் மட்டும் ஓடிச்சுது. தை பிறந்து ரெண்டாம் நாள் திருப்பி நிண்டுது. யூட்டுக்குப் போன் அடிச்சால், "அன்ரி, இன்னொருக்காத் திருத்தி உங்களிட்டைக் கூலி வாங்க எனக்கு வெக்கமாக் கிடக்கு, மாத்திறதெண்டால் கூப்பிடுங்கோ, பாதிரியாற்ற பூசையையும் விட்டிட்டு வருவன்" எண்டான். பாத்தீரே அவன்ர எடுப்பை? ஆட்டைக்கு மூண்டு மாசம் கிடக்கு. மூண்டு மாசம்! சமாளிக்க மாட்டமே?

கரண்டில எரியிற சின்ன ஹீற்றர் நாலு வாங்கினம். மூண்டு மேல, ஒண்டு கீழ. ஆளுக்கொண்டு வரத்தக்கதாத்தான் பாத்தது. எங்கட படுக்கையறைக்கு ஒண்டு, ஹோலுக்கு ஒண்டு, சாமியறைக்கு ஒண்டு. ஆனால் பழைய வீடெல்லே, நாலையும் ஒண்டாப் போட்டால் கரண்ட் அறுந்திடும். அதுக்கும் நான்தான் வழி கண்டுபிடிச்சது. மேல இருந்து காலால நிலத்தில தட்டுவன். ஒரு தட்டு எண்டால் கீழ போடு. ரெண்டு தட்டு எண்டால் நிப்பாட்டு. வதனிக்கு உடன விளங்கீட்டுது. கெட்டிக்காரி. சில நேரம் ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு நான் ரீவியில நாடகம் பாத்துக்கொண்டு இருந்திடுவன், ஒரு தட்டு மறந்து போகும். அடுத்த நாள் படியில கண்டால் மெல்லமாச் சொல்லுவாள், "அன்ரி, நேற்று ஒரு தட்டு விட்டுப்போச்சு" எண்டு. "நீ மேல வந்து கேட்டிருக்கலாமே" எண்டால், "நாடகம் நடந்த சத்தம் கேட்டது" எண்டுவாள். மரியாதை தெரிஞ்ச பிள்ளை. இப்பத்தைய பிள்ளையள் அப்பிடி இல்லை.

அந்தக் கிழமைதான் அவளுக்கு ஊரில இருந்து பார்சல் வந்தது. என்னெண்டால், மாசியில அவளின்ர கேஸுக்கு ஹியரிங். விசாரணை. மனிசன் காணாமல் போனதுக்கு அத்தாட்சி வேணும் எண்டு லோயர் சொல்லிப்போட்டார். தமக்கைக்காரி நாய் பேயா அலைஞ்சு எடுத்து அனுப்பினவ. பொலிசில குடுத்த முறைப்பாட்டுத் துண்டு, கிராமசேவகர் எழுதின கடிதம், அதுக்கு முதல் ஒருக்கா மனிசன் அடி வாங்கிக் கிடந்த ஆஸ்பத்திரித் துண்டு. எல்லாம் அசல். ஒண்டுக்கும் கொப்பி இல்லை. பார்சலை என்ர கையாலதான் வாங்கிக் குடுத்தனான். அதை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதாள். "அன்ரி, இதோட என்ர பிள்ளை வந்த மாதிரி" எண்டாள். எனக்கும் கண் கலங்கிப் போச்சு. வெள்ளிக்கிழமை லோயரிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறதெண்டு இருந்தவள். அதுக்கு முதல் வேலையில லீவு குடுக்கேல்லை.

திங்கக்கிழமை மைனஸ் இருபத்தஞ்சு எண்டு ரீவியில சொல்லிப்போட்டாங்கள். மகள் போன் எடுத்து, "அம்மா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, உந்த வீட்டில கிடந்து விறைக்காதேங்கோ" எண்டாள். அவளின்ர வீடு மார்க்கம் எண்ட பக்கத்து ரவுணில, புது வீடு, சூடு எண்டால் சூடு, வெறுங்காலோட நடக்கலாம். வெளிக்கிட்டம். வெளிக்கிடேக்க எனக்கொரு யோசினை. ஆளில்லாத வீட்டில ஹீற்றர் எரியலாமோ? நெருப்புப் பத்தினால்? வதனி ஒருக்கா ஹீற்றருக்கு முன்னால காலுறை காயப்போட்டவள், நான் கண்ட கண். அவள் வேலைக்குப் போன நேரம், கீழ வந்து, அந்த ஹீற்றரைக் கழட்டி, மேல கொண்டுபோய் எங்கட அறையில வைச்சுப் பூட்டினன். அவளின்ர நன்மைக்குத்தான். எரிஞ்சு செத்தால் ஆர் பதில் சொல்லுறது?

பின்னேரம் போன் வந்தது. "அன்ரி, ஹீற்றரைக் காணேல்லை" எண்டாள். விசயத்தைச் சொன்னன். பிறகு, "அன்ரி, கை விறைக்குது. நான் ஒண்டு வாங்கிக்கொண்டு வரட்டோ?" எண்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "வாங்கிக்கொண்டு வந்து என்ர வீட்டைக் கொளுத்தப் போறியோ? ரெண்டு போர்வையைப் போர்த்துக்கொண்டு படு. சண்டை நேரம் பங்கருக்குள்ள மாசக்கணக்காக் கிடந்தனி, உனக்கு இது என்ன புதினமே?" எண்டன். "ஓம் அன்ரி" எண்டாள். பாத்தீரே, அவளே ஒத்துக்கொண்டிட்டாள்.

மூண்டு நாள். திங்கள், செவ்வாய், புதன். கோயில்ல என்னவோ மூண்டு மாசம் நான் அவளைக் குளிருக்குள்ள போட்டுப் பூட்டின மாதிரிக் கதைக்கினம்.

புதன்கிழமை தண்ணிக் குழாய் வெடிச்சுப் போச்சு. குளிரில தண்ணி உறைஞ்சால் குழாய் வெடிக்குமாம், ஆருக்குத் தெரியும்? ஊரிலயே தண்ணி உறையுது? நாலு மணிக்கு அவள் வேலையால வந்து கதவைத் திறந்தால், கணுக்காலுக்கு மேல தண்ணி. போனில அவள் கத்தின கத்து! "அன்ரி, பெட்டி, பெட்டி, கட்டிலுக்குக் கீழ பெட்டி" எண்டு. என்ன பெட்டி எண்டு எனக்கு விளங்கேல்லை. நாங்கள் விழுந்தடிச்சு வந்தம். என்ர காப்பெற், பிள்ளை! இந்தச் சுவரெல்லாம் ஊறி ஊதிப்போச்சு. நான் தலையில கை வைச்சுக்கொண்டு நிக்கிறன், அவள் முழங்காலில நிண்டு அந்த ஐஸ் தண்ணிக்குள்ள கையை விட்டுக் கடதாசி பொறுக்கிறாள். வீடு நாசமாப் போகுது, இவள் கடதாசி பொறுக்கிறாள்.

பிறகு மேல வந்தாள், கை ரெண்டும் நீலம். "அன்ரி, மேல அடுப்புப் பக்கத்தில இதுகளைக் காயப்போடட்டோ? ஒவ்வொண்டா எடுத்து விரிச்சால் தப்பீடும்" எண்டாள். கையில அந்தத் துண்டுகள். காணாமல் போனவன்ர முறைப்பாடு, ரத்தக் காயம் எழுதின ஆஸ்பத்திரித் துண்டு. நீரே சொல்லும். ஆட்டை முடியாத வீட்டுக்குள்ள, சாமியறை இருக்கிற மேல்தட்டில, செத்தவன்ர கடதாசியைக் காயப்போடேலுமோ? செத்தானோ இருக்கிறானோ எண்டு தெரியாது, அது இன்னும் கூடாது. "கராஜ்ல கொண்டுபோய் விரி பிள்ளை, இடம் தாராளமாக் கிடக்கு" எண்டன். கார் நிப்பாட்டிற இடத்தைக் குடுத்தன், பிள்ளை. புதுக் காரை அண்டைக்கு வெளியில ஸ்னோவுக்குள்ள விட்டது.

கராஜ்ல சூடு இல்லைத்தானே. விடியப் பாத்தால் எல்லாம் உறைஞ்சு ஒரே கட்டியாப் போச்சு, அப்பளக் கட்டு மாதிரி. அவள் ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தாள், பாதி கையோட வந்துது. பிறகு மடியில வைச்சுக்கொண்டு இருந்தாள், இளகட்டும் எண்டு. இளகி வரேக்க எழுத்தும் இல்லை, சீலும் இல்லை, நீலத் தண்ணிதான். அவள் அழேல்லை. நான் அதைப் பாத்துத்தான் நினைச்சன், பெரிசா ஒண்டும் இல்லைப் போல எண்டு.

மூண்டு கிழமை ஆரோ சிநேகிதப் பிள்ளையின்ர வீட்டுச் சோபாவில போய்க் கிடந்தாள். பிறகு நான்தான் திருப்பிக் கூப்பிட்டது. இன்சூரன்ஸ் ஆள் வந்து, குழாய் ஏன் உறைஞ்சது எண்டு கேட்டவர். ஃபர்னஸ் வேலை செய்யேல்லை, திருத்தாமல் வைச்சிருந்தம் எண்டால் ஒரு சதமும் தராங்களாம், மருமகன் சொன்னவர். அப்ப நான், "கீழ இருந்த பிள்ளை ஜன்னலைத் திறந்து வைச்சிட்டு வேலைக்குப் போட்டுது" எண்டன். பெரிய பொய்யோ? அவள் ஜன்னல் திறக்கிறவள்தானே, கருவாடு பொரிக்கேக்க. அதுக்கு அவளின்ர கையெழுத்தும் தேவைப்பட்டுது. "இதில ஒரு கையெழுத்து வை பிள்ளை, உனக்கு ஒண்டும் வராது, அறையைப் புதுசாச் செய்து தாறன்" எண்டன். வாசிச்சாள். என்னை நிமிந்து பாத்தாள். கேஸ் உள்ள ஆக்களுக்குக் கடதாசியெண்டால் பயம், மாட்டன் எண்டால் நான் என்னவும் செய்துபோடுவன் எண்டு நினைச்சாளோ தெரியாது. நான் என்ன செய்யப்போறன்? "வைக்காட்டில் நீ வேற இடம் பார்" எண்டு ஒரு கதைக்குச் சொன்னதுதான். வைச்சாள்.

வைச்சு நாலாம் நாள் மேல வாறாள். லோயர் சொன்னவராம், கடதாசியள் வெள்ளத்தில அழிஞ்சது எண்டு வீட்டுக்காரர் ஒரு கடிதம் தந்தால் போதுமாம். வீடு சூடில்லாமல் குழாய் வெடிச்சது, அவள் வேலையில நிண்ட நேரம் நடந்தது, இவ்வளவும்தான். நாலு வரி. "அன்ரி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். துளசிக்காக" எண்டாள். காலில விழுந்திட்டாள், பிள்ளை. இந்தப் படியில. எனக்கு அந்தரமாப் போச்சு. "எழும்பு எழும்பு" எண்டு தூக்கி விட்டன். ஆனால் எப்பிடி எழுதிக் குடுக்கிறது? இன்சூரன்ஸுக்கு ஜன்னல் எண்டு சொல்லிப்போட்டு, கோட்டுக்கு சூடில்லை எண்டு எழுதிக் குடுத்தால், நாளைக்கு ரெண்டு கடதாசியையும் ஒண்டா வைச்சுப் பாத்தாங்கள் எண்டால் நான் கள்ளியெல்லே? இவர் எழுதப் பேனை எடுத்திட்டார். நான் பறிச்சு வைச்சன். இவருக்கு ஒண்டும் விளங்காது. "வேற என்ன உதவியெண்டாலும் கேள் பிள்ளை" எண்டன். அவள் வேற ஒண்டும் கேக்கேல்லை.

பிறகு அவளின்ர லோயர் என்ன செய்தார் எண்டால், வெள்ளம் வந்ததுக்கு வேற அத்தாட்சி இல்லையெண்டு அந்த இன்சூரன்ஸ் கடதாசியையே கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். விசாரிக்கிறவர் வாசிச்சிட்டுக் கேட்டவராம், "உங்கட உயிருக்குச் சமனான பத்திரங்களைக் கீழ வைச்சிட்டு, மைனஸ் இருபத்தஞ்சில நீங்களே ஜன்னலைத் திறந்து வைச்சிட்டுப் போனனீங்களோ?" எண்டு. அவள் என்ன சொல்லியிருக்கோணும்? ஓம், மறந்து போனன் எண்டு சொல்லியிருந்தால் முடிஞ்சுது. இவள் உண்மை கதைக்க வெளிக்கிட்டிட்டாள். ஜன்னல் திறக்கேல்லையாம், சூடுதான் இல்லையாம், வீட்டுக்காரி சொல்லித்தான் கையெழுத்து வைச்சவளாம். அப்ப அவர் கேட்டிருக்கிறார், "பொய்யெண்டு தெரிஞ்சு கையெழுத்து வைச்ச ஆள், மற்றக் கதையள் மட்டும் உண்மையெண்டு நாங்கள் எப்பிடி நம்பிறது?" எண்டு. நியாயமான கேள்விதானே? கேஸ் தள்ளுபடி. அப்பீலும் போட்டுப் பாத்தாள், எடுபடேல்லை. ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியாததுகள் ஏன் கோட்டுக்குப் போகுதுகள் எண்டு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்தது. என்ர பேரையும் இழுத்துவிட்டிட்டாள்.

ஃபர்னஸோ? அது இன்சூரன்ஸ் காசு வந்த உடன மாசியிலேயே மாத்தினது. கீழ அறை திருத்த வந்தவங்கள் சூடு இல்லாத வீட்டில வேலை செய்ய மாட்டம் எண்டிட்டாங்கள். பிறகு ஐயருக்குத் திருப்பி எடுத்து, ஃபர்னஸ் எண்டே விளக்கமாச் சொல்லிக் கேட்டன். "அட, அது அடுப்பில்லையே அம்மா, இதை முதலே சொல்லியிருந்தால் கார்த்திகையிலேயே மாத்துங்கோ எண்டிருப்பனே" எண்டார். ஐயர்மாருக்கும் இப்ப ஒரு நேரம் ஒரு பேச்சு.

வதனியைப் போன ஐப்பசியில அனுப்பிப்போட்டாங்கள். எங்கட காரிலதான் எயர்ப்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. பிள்ளைக்கு எண்டு ஒரு ஸ்வெற்றர் வாங்கிக் குடுத்தன். விசுவமடுவில எங்க ஸ்வெற்றர் போடுறது எண்டு இவர் பேசினார், அது வேற கதை. அவள் வாங்கி மடியில வைச்சுக்கொண்டு வெளியில பாத்தபடி இருந்தாள். நான் சொன்னன், "கவலைப்படாதை, பிள்ளையைக் கூப்பிடோணும் கூப்பிடோணும் எண்டு துடிச்சனி, இப்ப நீயே பிள்ளையிட்டைப் போறாய், எல்லாம் ஒண்டுதானே" எண்டு. என்ர மனசில அப்பிடித்தான். தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைச்ச புண்ணியம் எங்களுக்குத்தான் எண்டு நினைச்சன்.

அதுக்குள்ள போன கிழமை அந்தப் பிள்ளை போன் எடுக்குது. துளசிகா. என்ர நம்பர் தமக்கைக்காரியின்ர கொப்பியில கிடந்ததாம். "அம்மம்மா, அம்மா அங்கயோ நிக்கிறா?" எண்டு கேக்குது. "இல்லையம்மா, அம்மா அங்க வந்து ரெண்டு மாசமெல்லே" எண்டன். "வரேல்லை. இஞ்ச எயர்ப்போட்டில ஆரோ கதைக்கக் கூட்டிக்கொண்டு போனவையாம். பெரியம்மா ஒவ்வொரு நாளும் போய்க் கேக்கிறா. அங்கயிருந்து இன்னும் வரேல்லை" எண்டுது. வருவா அம்மா, படியுங்கோ, சாப்பிடுங்கோ எண்டு சொல்லி வைச்சிட்டன். திருப்பித் திருப்பி எடுக்குது. இப்ப அந்த நம்பர் வந்தால் நான் தொடுறேல்லை. ஒரு சின்னப் பிள்ளையோட எத்தினை தரம் பொய் சொல்லுறது? எனக்கும் மனச்சாட்சி இருக்குத்தானே.

என்ன பிள்ளை, தேத்தண்ணியை அப்பிடியே வைச்சிட்டீர்? சீனி காணாதோ? சரி, என்ர கதையை விடும், உம்மட கதையைச் சொல்லும். உமக்குக் கேஸ் எந்த மட்டில நிக்குது? இன்னும் ஹியரிங் வரேல்லையோ? அப்ப நல்லது. எனக்கு அப்பிடியான பிள்ளையள்தான் விருப்பம். கேஸ் சரிவந்து பேப்பர் கிடைச்ச ஆக்களெண்டால் எடுத்ததுக்கெல்லாம் சட்டம் கதைப்பினம், சிற்றி ஒஃபிசுக்குப் போன் அடிச்சு முறைப்பாடு சொல்லுவினம். கேஸ் உள்ள பிள்ளையள் அமைதி. நீர் சனிக்கிழமையே சாமானோட வாரும்.